பழைய டீசல் பென்ஸா, பிஎம்டபிள்யூவா? முதலில் நீங்கள் ஓடும் ரோட்டைப் பாருங்கள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் பழைய டீசல் பென்ஸும் பிஎம்டபிள்யூவுமாக ஏழு வண்டிகள் இருக்கின்றன. ஐந்து தினமும் ஓடுகின்றன, இரண்டு தார்ப்பாய் போர்த்தி வீட்டு முன்னால் நிற்கின்றன. ஓடுகிற ஐந்தின் சொந்தக்காரர்கள் ஈப்போவுக்கோ தைப்பிங்குக்கோ வேலைக்குப் போய் வருகிறவர்கள். நிற்கிற இரண்டின் சொந்தக்காரர்கள் இங்கேயே கடை வைத்திருக்கிறார்கள், வீட்டிலிருந்து கடைக்கு இரண்டு கிலோமீட்டர். நான் சொல்ல வருவதில் பாதி இதிலேயே அடங்கிவிடும்.

"அண்ணே, எது நல்ல காடி, பென்ஸா பிஎம்டபிள்யூவா?" என்று கேட்டு வருகிற தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: காலையில் வண்டியை எடுத்தால் எங்கே போவாய், ஒரே மூச்சில் எத்தனை நிமிஷம் ஓட்டுவாய்? ஒரு வாரத்துக்கு அதை எழுதி வைத்துவிட்டு வா என்பேன். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. வந்தவர்களுக்கு எந்த வண்டி என்பது அந்தக் காகிதத்திலேயே முக்கால்வாசி முடிவாகியிருக்கும்.

நானும் இதைக் கேட்காமல்தான் முதல் டீசலை வாங்கினேன். 2018-ல் ஒரு ஜெர்மன் செடான், பெயர் வேண்டாம், தப்பு வண்டியுடையது இல்லை. நான் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்விடுவேன், வண்டி வீட்டம்மாவுக்கு. பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விட மூன்று கிலோமீட்டர், வரும் வழியில் மார்க்கெட், வெள்ளிக்கிழமை கோயில். எஞ்சின் சூடாவதற்குள் அணைத்து, ஆறிய பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்து, இப்படியே எட்டு மாதம். ஒருநாள் மஞ்சள் விளக்கு எரிந்தது, அடுத்த வாரம் ஏற்றத்தில் வண்டி இழுக்கவே இல்லை. ஈப்போவில் ஒர்க்ஷாப் ஃபோர்மேன் எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி என் மூக்குக்கு நேராக நீட்டினார். எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது, டீசல் வாடை அடித்தது. "நீங்கள் எண்ணெய் ஊற்றவில்லை, வண்டியே ஊற்றிக்கொண்டது" என்றார்.

என்ன நடக்கிறது என்றால், புது டீசல் வண்டிகளில் புகைக்குழாய்க்குள் கரியைப் பிடித்து வைக்கிற ஒரு வடிகட்டி இருக்கும், டிபிஎஃப் என்பார்கள். அது நிரம்பியதும் வண்டி தானாகவே கூடுதல் டீசலைத் தெளித்து, உள்ளே 600 டிகிரி வரை சூடேற்றி, கரியை எரித்துத் தீர்க்கும். இதற்கு வண்டி நல்ல வேகத்தில் பதினைந்து இருபது நிமிஷம் நிற்காமல் ஓட வேண்டும். பாதியில் எஞ்சினை அணைத்தால் எரிப்பு நின்றுபோகும், தெளித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் எண்ணெயில் கலக்கும். மறுநாளும் முயற்சி, மறுபடி பாதியில் நிறுத்தம். எண்ணெய் நீர்த்துப் போனால் டர்போவும் பேரிங்கும் தேயும். டிபிஎஃப் இல்லாத டீசலுக்கும் குட்டி ஓட்டம் ஆகாது. புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுகிற இஜிஆர் வால்வும், காற்று போகிற மேனிஃபோல்டும் கரி பிடித்து, மாதக்கணக்கில் கழுவாத டீ வடிகட்டி மாதிரி அடைத்துக்கொள்ளும்.

அதனால் என் விதி இது. வாரத்தில் இரண்டு முறையாவது அரைமணி நேரம், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் சீராக ஓட்ட உங்களுக்கு வேலை இருக்க வேண்டும். இங்கிருந்து ஈப்போ சுமார் முப்பது கிலோமீட்டர், போய்வந்தால் போதும். அப்படி வேலையே இல்லை, தாமான், பள்ளி, கடை, கோயில் என்று மட்டும் சுற்றுகிறவர் என்றால் இதே மாடலில் பெட்ரோல் எஞ்சின் பாருங்கள். வண்டிக்காக ஞாயிற்றுக்கிழமை சும்மா நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வருவேன் என்று எல்லோரும் சொல்வார்கள், மூன்றாவது மாதம் யாரும் போக மாட்டார்கள்.

அடுத்தது காசு. டீசல் மலிவு என்கிற நினைப்போடு இன்னும் நிறையப் பேர் இந்த வண்டிகளைத் தேடுகிறார்கள். அந்தக் காலம் முடிந்தது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே இரவில் 3.35-க்குப் போனது, அதற்குப் பிறகு சந்தை விலையோடு ஏறி இறங்குகிறது. 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து நம் அடையாள அட்டைக்கு ரோன்95 பெட்ரோல் 1.99. கணக்குக்கு டீசலை 3 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 2000 சிசி டீசல் செடான் நீண்ட ஓட்டத்தில் நூறு கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடித்தால் 18 வெள்ளி. அதே அளவு பெட்ரோல் வண்டி எட்டரை லிட்டர் குடித்தாலும் 17 வெள்ளிக்குள் முடிந்துவிடும். ஆக எண்ணெய்க் காசில் லாபம் பார்க்க இதை வாங்காதீர்கள். 2024-ல் மாதம் 200 வெள்ளி புடி மடானி என்கிற அரசாங்க டீசல் உதவி வந்தபோது, ஆண்டு வருமானம் ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் போகாத டீசல் வண்டிக்காரர்களுக்கு என்று விதி இருந்தது, பத்து வயது ஆகாத சொகுசு வண்டிக்குக் கிடையாது. நீங்கள் பார்க்கும் வண்டிக்குப் பத்து வயது தாண்டியிருக்கலாம், அதனால் இப்போதைய விதி என்ன என்று புடி மடானி இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள்.

பிறகு எதற்குத்தான் டீசல்? இழுவைக்கு. 2010-க்குப் பிறகு வந்த பிஎம்டபிள்யூ 520டி-யில் நிமிஷத்துக்கு 1,750 சுற்றிலேயே 380 நியூட்டன் மீட்டர் இழுவிசை கிடைத்துவிடும், பென்ஸ் இ250 சிடிஐ-யில் 500. குடும்பம் முழுவதும் ஏறி, பூட்டில் பத்துமலைக்குப் போகும் பால்குடச் சாமான்களை அடுக்கி, மேனோரா ஏற்றத்தில் லோரிகளுக்கு நடுவே போகும்போது எஞ்சின் கத்தாது, மூச்சு வாங்காது, மெல்ல மிதித்தால் போதும். 520டி தாங்கியில் 70 லிட்டர், நீண்ட ஓட்டத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். அந்தச் சுகத்துக்காக ஆசைப்பட்டால் அது நியாயமான ஆசை, அதற்கு விலை உண்டு என்று தெரிந்து வாங்குங்கள்.

ரோட் டேக்ஸ் கணக்கை ஆரம்பத்திலேயே போடுங்கள், விலை பேசி முடித்த பிறகு அல்ல. சொந்தப் பெயரில் உள்ள செடானுக்குத் தீபகற்பத்தில் 1,995 சிசி பிஎம்டபிள்யூ என்றால் ஆண்டுக்கு 377 வெள்ளி 50 காசு. 2,143 சிசி பென்ஸுக்கு 523. இதுவரை பரவாயில்லை. ஆறு சிலிண்டருக்குப் போனால் கதை மாறிவிடும், 2500 சிசி தாண்டினால் ஒவ்வொரு சிசிக்கும் இரண்டரை வெள்ளி. 2,987 சிசி பென்ஸ் வி6-க்கு 2,097 வெள்ளி 50 காசு, 2,993 சிசி 530டி-க்கு 2,112 வெள்ளி 50 காசு. வருஷா வருஷம். விளம்பரத்தில் 530டி விலை 520டி-யை விட ஏன் குறைவாகப் போட்டிருக்கிறது என்று யோசிப்பவர்களுக்கு இதுதான் பதில்.

சரி, இப்போது வண்டிகள்.

ரொம்பப் பழையதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் பட்டணங்களின் டாக்சி ஸ்டாண்டில் வெளியூர் ஓட்டத்துக்கு நின்ற டீசல் பென்ஸ்கள் பெரியவர்களுக்கு நினைவிருக்கும், அவற்றின் வம்சம்தான் டபிள்யூ123, டபிள்யூ124 என்கிற மாடல்கள். டிபிஎஃப் கிடையாது, டீசல் தெளிக்கிற இன்ஜெக்டருக்குக் கம்ப்யூட்டர் கிடையாது, ஸ்பானரும் பொறுமையும் தெரிந்த எந்த ஃபோர்மேனும் கை வைப்பார். மெதுவாகப் போகும், ஏர்கான் போட்டால் இன்னும் மெதுவாகப் போகும். ஆசைக்கு வைத்துக்கொள்ள இதைவிட நல்ல டீசல் இல்லை என்பது என் எண்ணம், தினசரி வேலைக்கு வேண்டாம்.

டபிள்யூ211, அதாவது 2002 முதல் 2009 வரை வந்த இ-கிளாஸ். இதில் இ220 சிடிஐ கிடைத்தால், அரிதாகத்தான் கிடைக்கும், ஓஎம்646 எஞ்சின் உழைக்கக் கூடியது. இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். 2006-ல் முகம் மாறுவதற்கு முன் வந்தவற்றில் எஸ்பிசி என்கிற மின்சார பிரேக் இருக்கும், அந்தப் பம்ப் போனால் செலவு பெரிது, அதனால் முகம் மாறிய பிறகு வந்ததைத் தேடுங்கள். இன்னொன்று இன்ஜெக்டர் அடியில் இருக்கும் செப்பு வாஷர். அது கசிந்தால் எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் தார் ஊற்றியது போல் கறுப்பாக இறுகிக் கிடக்கும், ஓடும்போது "சுஃப் சுஃப்" என்று மூச்சுவிடும் சத்தம் வரும். ஆரம்பத்தில் பார்த்தால் சின்ன வேலை, முற்றிவிட்டால் இன்ஜெக்டரை உருவவே முடியாது.

பிஎம்டபிள்யூவில் நம் ஊரில் அதிகம் கிடைப்பது 320டி-யும் 520டி-யும். இவற்றில் பெரும்பாலும் இருக்கிற என்47 எஞ்சினைப் பற்றித் தெரியாமல் வாங்கக்கூடாது. வால்வுகளை நேரத்துக்கு இயக்குகிற டைமிங் செயின் பெரும்பாலான எஞ்சின்களில் முன்பக்கம் இருக்கும், இதில் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயினும் அதன் வழிகாட்டியும் தேய்ந்து அறுந்தால் எஞ்சின் முடிந்தது. மாற்றுவதற்கே எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும், அந்தக் கூலிதான் ஆளைக் கொல்லும். 2007-லிருந்து 2011 தொடக்கம் வரை தயாரானவற்றில் இந்தப் புகார் அதிகம். அதனால் இ90 320டி, இ60 520டி (இவை தலைமுறைப் பெயர்கள், இ60-க்கு அடுத்தது எஃப்10) பார்ப்பவர்கள் செயின் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். எஃப்10 520டி-யில் 2012-க்குப் பிந்தையது எனக்குப் பிடித்தது. எட்டு கியர் இசட்எஃப் பெட்டி அருமையானது, பின் இருக்கையில் பாட்டியும் இரண்டு பேரப்பிள்ளைகளும் தூங்கிக்கொண்டு வருவார்கள். ஒரு விஷயம், இந்த டீசல்களில் இஜிஆர் கூலர் கசிந்து தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதாக 2018-ல் தென்கொரியாவில் பெரிய பிரச்சினையாகி, பல நாடுகளில் வண்டிகளைத் திரும்ப அழைத்து மாற்றினார்கள். நீங்கள் பார்க்கும் வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அதற்கு அந்த வேலை பாக்கி இருக்கிறதா என்று பிஎம்டபிள்யூ சேவை மையத்தில் கேளுங்கள்.

டபிள்யூ211-க்கு அடுத்து வந்த டபிள்யூ212, அதில் இ250 சிடிஐ. என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலில் முதல் இடம் இதற்கு, நல்ல பராமரிப்பில் கிடைத்தால். ஓஎம்651 எஞ்சின், இரண்டு டர்போ, சீட்டு நம் முதுகுக்கென்றே செய்தது போல் இருக்கும். ஆரம்ப காலத்து வண்டிகளில், 2009 முதல் 2011 வாக்கில், டெல்ஃபி பியேசோ இன்ஜெக்டர்கள் பழுதாகிப் பல வண்டிகளில் மாற்ற வேண்டி வந்தது. நான்கும் மாற்றியாகிவிட்டதா என்பது முதல் கேள்வி. இதிலும் செயின் பின்பக்கம்தான், என்47 அளவுக்குக் கெட்ட பெயர் வாங்கவில்லை, ஆனாலும் காலையில் ஸ்டார்ட் ஆகும் நொடியில் சங்கிலி இழுக்கும் சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். தண்ணீர்ப் பம்ப் கசிகிறதா என்றும் பாருங்கள்.

2013-ல் இங்கே வந்த இ300 புளூடெக் ஹைப்ரிட் இப்போது நிறைய விற்பனைக்கு நிற்கிறது, பார்க்க இன்னும் புதிதாக இருக்கும், விலையும் கையைக் கடிக்காது. டீசலோடு மின்மோட்டார், அதற்கு லித்தியம் பேட்டரி. அந்தப் பேட்டரி வயதாகிப் போனால் என்னவாகும் என்ற பயம்தான் விலையை இறக்கி வைத்திருக்கிறது, அந்தப் பயம் நியாயமானது. பேட்டரி மாற்றிய பில், எந்த ஆண்டு, எத்தனை மாத உத்தரவாதம், இவை கையில் வந்தால் பேசுங்கள். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்ற வாய்ப்பேச்சுக்கு மதிப்பு இல்லை.

ஆறு சிலிண்டர்கள், இ350 புளூடெக், 530டி, ஓட்டினால் மறக்க முடியாது. பென்ஸ் வி6-ல் எண்ணெய்க் கூலர் சீல் எஞ்சினின் இரண்டு வரிசைக்கு நடுவே ஆழத்தில் இருக்கிறது, சீல் மலிவு, அங்கே போய்ச் சேரும் கூலி மலிவு இல்லை. ரோட் டேக்ஸ் மேலே சொல்லிவிட்டேன். தினம் நூறு கிலோமீட்டர் ஓடுகிறவர், வீட்டில் இரண்டாவது வண்டி இருக்கிறவர் பார்க்கலாம்.

இங்கே ஒரு நுணுக்கம். ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த ரீகண்டிஷன் வண்டிகள் இங்கே பதிவாகும் முன்னரே ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை ஆனவை. விளம்பரத்தில் "2014 பதிவு" என்று இருக்கும், கிராண்டில், அதாவது பதிவுப் பத்திரத்தில், தயாரித்த ஆண்டு 2010 என்று இருக்கும். மேலே நான் ஆண்டு சொன்னதெல்லாம் தயாரித்த ஆண்டு. அதேபோல் டிபிஎஃப் இருக்கிறதா இல்லையா என்பதை மாடல் பெயரை வைத்துச் சொல்ல முடியாது, எந்த நாட்டுக்காகச் செய்த வண்டி என்பதைப் பொறுத்து மாறும். சேசிஸ் எண்ணை ஸ்பேர்பார்ட் கடையில் கொடுத்தால் திரையில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு கேள்விக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தாலும் தகும்.

இனி வண்டியைப் பார்க்கப் போகிற நாள். காலையில் போங்கள், பசியாறுவதற்கு முன்னாலேயே. விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், "அண்ணே, நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள்" என்று. போனதும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பானட் மேல் உள்ளங்கையை வையுங்கள். போன வருஷம் என் மச்சானுக்கு வண்டி பார்க்கக் கோலகங்சார் பக்கம் போனோம். வாசலில் கோலம்கூட இன்னும் காயவில்லை, வண்டியின் மேல் கூரையில் பனித்துளி அப்படியே முத்து முத்தாக நிற்கிறது, பானட்டில் மட்டும் ஒரு துளி இல்லை. கை வைத்தேன், வெதுவெதுப்பு. விற்பவர் நல்ல மனிதர்தான், "வந்ததும் சீக்கிரம் பார்க்கட்டுமே என்று கொஞ்சம் ஓடவிட்டேன் தம்பி" என்றார். உண்மையாகவும் இருக்கலாம். நாங்கள் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு, மறுநாள் சொல்லாமல் அரைமணி முன்னதாகப் போனோம். அன்று குளிர்ந்த எஞ்சினில் பின்பக்கமிருந்து வந்த உரசல் சத்தம் மச்சானுக்கே கேட்டது, அவர் காது அவ்வளவு கூர்மை இல்லை.

அந்தச் சத்தத்தை எப்படிக் கேட்பது? பானட்டைத் திறந்து, முன் கண்ணாடிக்கு அருகே எஞ்சினின் பின்கோடியில் காதை வையுங்கள், இன்னொருவர் மெதுவாக 1,500 சுற்றிலிருந்து 2,000 வரை ஏற்றட்டும். டீசலுக்கென்று ஒரு சீரான தட்டல் உண்டு, அது தையல் மெஷின் மாதிரி ஒரே தாளத்தில் வரும். தாளத்துக்கு வெளியே, தகரத்தில் சங்கிலி இழுபடுவது போல் கரகரப்பு வந்தால் அது செயின்.

புகைக்குழாய்க்குள் ஒரு வெள்ளை டிஷ்யூவை விட்டுத் துடைத்துப் பாருங்கள். டிபிஎஃப் ஒழுங்காக இருக்கிற வண்டியின் குழாய், எத்தனை வருஷமானாலும், லேசாகச் சாம்பல் பூசியதுபோல்தான் இருக்கும். அடுப்புக்கரி மாதிரி அப்பிக்கொண்டு வந்தால் வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு கம்ப்யூட்டரை ஏமாற்றி வைத்திருக்கிறார்கள், அல்லது உள்ளே உடைந்திருக்கிறது. அது இல்லாத வண்டி என்று சேசிஸ் எண் சொன்னால் கரி இருப்பது சகஜம்.

எண்ணெய் அளவு மேல்கோட்டுக்கு மேலே இருந்தால் என் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ்டிக் இல்லாத வண்டியில் திரையில் அளவு காட்டும். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்தால் புகை குப்பென்று வரக்கூடாது.

தோட்டத்தை ஒட்டி நிற்கும் வண்டிகளுக்கு இன்னொரு சோதனை உண்டு, பட்டணத்தில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். எலி. செம்பனை இருக்கிற இடத்தில் எலி இருக்கும், அதைப் பிடிக்கத்தான் தோட்டங்களில் கூண்டு கட்டி ஆந்தை வளர்க்கிறார்கள். இரவில் எலிகள் சூடான எஞ்சின் மேல் வந்து படுக்கும், வயரைக் கடிக்கும். எஞ்சினின் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி, அடியில் புழுக்கையோ பழக்கொட்டையோ கிடக்கிறதா, வயர் கட்டில் டேப் சுற்றி ஒட்டுப்போட்ட இடம் இருக்கிறதா என்று கைவிளக்கு அடித்துப் பாருங்கள். இந்த வண்டிகளில் ஒரு கடிபட்ட வயர் பத்து விளக்கை எரியவைக்கும், எந்தச் சென்சார் என்று தேடியே மாதம் போகும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பார்க்க சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், ஸ்ரீ மூடா பக்கம் மூழ்கிய வண்டிகளில் எத்தனையோ கழுவித் துடைத்துச் சந்தைக்கு வந்திருக்கும். முன் சீட்டை இறுக்கும் போல்ட்டில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் மண், இவை சென்ட் அடித்தாலும் போகாது.

மீட்டரை நம்பாதீர்கள், ஸ்கேனரை நம்புங்கள். நல்ல ஸ்கேனர் வைத்திருக்கிற ஒரு ஃபோர்மேனைக் கூட்டிப் போவதற்குக் கொடுக்கிற காசு வீண் போகாது. கியர்பாக்ஸ் போன்ற மற்ற கம்ப்யூட்டர்களில் பதிந்த கிலோமீட்டர் மீட்டரோடு ஒத்துப்போகிறதா, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கம்ப்யூட்டர் எவ்வளவு திருத்தம் செய்கிறது, டிபிஎஃப்-ல் கரி எவ்வளவு, கடைசியாக எரித்து எத்தனை கிலோமீட்டர் ஆச்சு, இந்த நான்கையும் கேளுங்கள். அடிக்கடி எரித்துக்கொண்டிருந்தால் வண்டி குட்டி ஓட்டத்தில் வளர்ந்தது என்று அர்த்தம், அல்லது வடிகட்டி சாம்பலால் நிரம்பிவிட்டது.

ஓட்டிப் பார்க்கும்போது தார் ரோடு மட்டும் போதாது. உங்கள் வீட்டுக்குப் போகிற செம்மண் பாதை இருந்தால் அதில் ஓட்டுங்கள், அடி தட்டுகிறதா, முன் பம்பர் உரசுகிறதா என்று பாருங்கள். பிஎம்டபிள்யூ பலவற்றில் ஸ்பேர் டயர் கிடையாது, பஞ்சரானாலும் ஓடுகிற ரன்ஃபிளாட் டயர் என்பதால். முன் சொந்தக்காரர் அதைக் கழற்றிச் சாதா டயர் போட்டிருப்பார், ஸ்பேரும் வைத்திருக்க மாட்டார். இரவு பதினொரு மணிக்குத் தோட்டத்து நடுரோட்டில் இது தெரியவந்தால் கஷ்டம்.

பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் மாற்ற பி5 என்கிற வாகனப் பரிசோதனை, கடன் எடுத்தால் பி7. பழைய சம்மன், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) தடை இல்லையென்று உறுதி செய்த பிறகே முன்பணம். வயதான வண்டிக்கு வங்கிக்கடன் எளிதில் கிடைக்காது, கையிலுள்ள மொத்தக் காசையும் வண்டியில் போடாதீர்கள். விலையில் மூன்றில் ஒரு பங்கை முதல் வருஷ வேலைக்கென்று ஒதுக்கி வைக்க முடியவில்லை என்றால் ஒரு படி கீழே உள்ள வண்டியைப் பாருங்கள்.

வாங்கியதும் எஞ்சின் எண்ணெயை மாற்றுங்கள், அதற்குப் பிறகு பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை. டேஷ்போர்டு இருபதாயிரம் தாண்டிச் சொன்னாலும் கேட்காதீர்கள். டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய்தான், பிஎம்டபிள்யூவுக்கு எல்எல்-04, பென்ஸுக்கு 229.51 அல்லது 229.52 என்று டப்பாவில் இருக்க வேண்டும். லோரிக்கு ஊற்றும் எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது என்று ஊற்றினால் வடிகட்டிக்கு எமன். கியர்பாக்ஸ் எண்ணெய் வாழ்நாள் முழுவதும் போதும் என்று கார்க்காரர் சொன்னாலும், எட்டு கியர் பெட்டியைச் செய்த இசட்எஃப் 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் சொல்வதைக் கேளுங்கள்.

டீசல் ஊற்றும்போது யூரோ5 பி7 கிடைக்கிற ஸ்டேஷனைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், லிட்டருக்கு 20 காசு கூட. பி7 என்றால் 7 சதவீதம் செம்பனை டீசல், பி10 என்றால் 10. நம் வீட்டுக்குப் பின்னால் வெட்டி லோரியில் ஏற்றுகிற குலைதான் ஒரு பங்கு தாங்கிக்குள் போகிறது, அதில் பெருமைதான், ஆனால் பிஎம்டபிள்யூ தன் டீசல்களுக்குப் பி7-க்கு மேல் வேண்டாம் என்றுதான் சொல்லிவந்திருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் யூரோ5 டீசல் கட்டாயமாகி, கந்தகம் 500 பிபிஎம்மிலிருந்து 10-க்கு இறங்கியது. அதற்கு முன் ஓடிய வண்டிகள் அந்தப் பழைய டீசலைக் குடித்தவையாக இருக்கலாம், அதனால் இஜிஆரையும் மேனிஃபோல்டையும் ஒருமுறை கழற்றிக் கழுவிவிடுவது நல்லது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. வாங்கிய மறுநாள் விடியற்காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, கூலன்ட் தண்ணீர் நிற்கிற இடத்தில் அந்த வெள்ளைத் தாங்கியின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு வாரம் ஈப்போவுக்குப் போய் வந்து, அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். கோட்டிலேயே நின்றால் நிம்மதியாகப் பசியாறப் போகலாம். ஒரு விரல் இறங்கி, தரையிலும் சொட்டு இல்லை என்றால் தண்ணீர் எஞ்சினுக்குள்ளே போகிறது. பெரும்பாலும் அது இஜிஆர் கூலர், அன்றைக்கே ஃபோர்மேனைக் கூப்பிடுங்கள்.